மாம்பலத்துக்கு யார் போவார்கள்?

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். ஆறாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வரைபடம் மட்டும் அழகாக வரைவான். இப்போது மறைமலை நகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை, இரண்டு குழந்தைகள், வாடகை வீடு. "டீச்சர், கூடுவாஞ்சேரிக்கு மேற்கே உள்ளே தள்ளி ஒரு மனை வந்திருக்கு. அரை கிரவுண்டு. கையில இருக்கறதும் லோனும் சேர்த்தா சரியா வரும். ஆனா வீட்ல, ஆபீஸ்ல எல்லாரும் சிரிக்கறாங்க. அந்த ஊர் பேரே யாருக்கும் தெரியல, அங்க போய் யாரு குடியிருப்பாங்கன்னு கேக்கறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?" என்றான்.

நான் வீடு, மனை விவரம் தெரிந்தவள் இல்லை. முப்பத்து மூன்று வருடம் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் பாடம் நடத்திய இடைநிலை ஆசிரியை. ஆனால் "அங்கே யார் போவார்கள்" என்ற கேள்வியைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சென்னையில் இன்றைக்குப் பெயர் சொன்னாலே விலை ஏறுகிற இடங்கள் பலவற்றையும் பார்த்து ஒரு காலத்தில் இதே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள். அவனுக்குப் போனில் சொன்னது பாதி. மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் மாம்பலம். 1920-க்கு முன்னால் மைலாப்பூர், திருவல்லிக்கேணி, ஜார்ஜ் டவுன் இவைதான் பட்டணம். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீளமாக ஒரு ஏரி கிடந்தது. வெள்ளைக்காரர்கள் அதை 'லாங் டேங்க்' என்றார்கள். 1920-ல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு அந்த ஏரியின் பெரும்பகுதியை வடித்து, மேடாக்கி, பனகல் பூங்காவை நடுவில் வைத்துத் தெருக்கள் போட்டார்கள். 1925-ல் காலமான சர் பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. உஸ்மான் ரோடு, டாக்டர் நாயர் ரோடு, தணிகாசலம் ரோடு என்று நீதிக்கட்சிக்காரர்களின் பெயர்களாகத் தெருவுக்குத் தெரு நிற்கிறதே, அதற்குக் காரணம் அந்தக் காலத்து ஆட்சி. தண்டவாளத்துக்கு மேற்கே இருந்த மேற்கு மாம்பலத்துக்கோ கொசுதான் பெருமை. மாம்பலம் என்றாலே யானைக்கால் என்று கேலி பேசிய தலைமுறை ஒன்று இருந்தது. பெண் கொடுக்கக்கூட யோசித்தார்களாம். இன்று அங்கே இரண்டு படுக்கையறை ஃபிளாட்டின் விலையைக் கேட்டால் நமக்குத்தான் கால் வீங்கும்.

அந்த ஏரி எங்கே போயிற்று என்று தேடினால் தெருப் பலகையில் கிடைக்கும். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. வியூ இல்லை, லேக்கும் இல்லை. நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' என்றே ஒரு பகுதி. 1976-ல் திறந்த வள்ளுவர் கோட்டம் நிற்பதும் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில்தான்.

அண்ணா நகரும் அப்படியே. வயலும் தோப்புமாக இருந்த நிலத்தில் 1968-ல் உலக வர்த்தகக் கண்காட்சி நடந்தது. அதற்காகக் கட்டியதுதான் அண்ணா நகர் டவர். 1961-ல் தொடங்கிய வீட்டு வசதி வாரியம் அங்கே மனை ஒதுக்கியபோது, இவ்வளவு தூரம் யார் போவது என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. என் பெரியப்பா அவர்களில் ஒருவர். அதைச் சாகும்வரை அவரும் மறக்கவில்லை, பெரியம்மாவும் மறக்க விடவில்லை!

தெற்குப் பக்கத்துக்கு வருவோம், எனக்குத் தெரிந்த பக்கம் அதுதான். இந்தப் பக்கத்தின் புறநகரை உண்டாக்கியது ரயில். 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதற்கு முன் தாம்பரம் என்றால் காற்று நன்றாக இருக்கும் காடு. அதனால்தான் 1928-ல் டாக்டர் சௌரி முத்து அங்கே காசநோய் மருத்துவமனை தொடங்கினார். தாம்பரம் சானடோரியம் என்று ஸ்டேஷனுக்கே பெயர் வந்தது அப்படித்தான். காசநோய்க்காரர்களை ஊரைவிட்டுத் தள்ளி வைத்த காலம் அது. தள்ளி வைத்த இடத்தில்தான் இன்று சதுர அடிக் கணக்கில் பேசுகிறோம். 1937-ல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி பாரிமுனைப் பக்கத்திலிருந்து தாம்பரத்துக்கு இடம் மாறியது. நகரத்தின் நடுவில் இருந்த கல்லூரி காட்டுக்குள் போகிறதே என்று அன்றைய பெற்றோர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

குரோம்பேட்டைக்குப் பெயர் வந்தது சாமி பெயராலோ மன்னர் பெயராலோ அல்ல. சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயரின் குரோம் லெதர் தோல் தொழிற்சாலையால். தொழிலதிபர் சி. ராஜம் தன் வீட்டை விற்று அந்தப் பணத்தைப் போட்டு 1949-ல் எம்.ஐ.டி. கல்லூரியைத் தொடங்கியதும் அங்கேதான். ஒருவர் வீட்டை விற்றார், அவர் உண்டாக்கிய கல்லூரி இருக்கிறது என்று சொல்லிப் பிறகு எத்தனையோ பேர் அங்கே வீடு வாங்கினார்கள். அதே குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்தில் தோல் பதனிடும் கழிவால் நிலத்தடி நீர் கெட்டுப்போனதையும் சொல்லத்தான் வேண்டும். மனை வாங்கியவர்கள் கிணறு வெட்டிய பிறகுதான் அதைத் தெரிந்துகொண்டார்கள். பெயரிலேயே தொழிற்சாலை இருந்தும் அதைப் படிக்கத் தெரியவில்லை.

ஊர்ப் பெயரைப் படிப்பது என்றால் என்ன என்று என் மாணவனுக்கு ஒரு எடுத்துக்காட்டு சொன்னேன். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல், வேடந்தாங்கல். தாங்கல் என்றால் நீரைத் தாங்கி நிற்கும் சிறிய ஏரி. வேடந்தாங்கலில் இன்னும் தண்ணீரும் பறவையும் இருக்கின்றன. மற்ற இரண்டிலும் மனிதர்கள் இருக்கிறோம். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்றே சொல்வார்கள். ஆற்றுப் பாசனம் இல்லாத மண் இது. மழை பெய்கிற இரண்டு மூன்று மாதத்துக்குள் தண்ணீரைப் பிடித்து வைத்தால்தான் ஆண்டு முழுவதும் சோறு. அதனால் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் படிப்படியாக ஏரி வெட்டினார்கள். மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து, வாய்க்காலில் ஓடி, அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. கடைசியில் ஆறு, கடல். கரைக்குக் கீழே மதகுத் தண்ணீர் பாயும் ஆயக்கட்டு, அது நஞ்சை. மேட்டு நிலம் புஞ்சை. குடியிருக்கும் இடம் நத்தம். வரி விதிப்புக்கு வெளியே விட்டது புறம்போக்கு.

1767 முதல் 1774 வரை பர்னார்டு என்ற கம்பெனிப் பொறியாளர் இந்தச் செங்கல்பட்டுச் சீமையின் கிராமங்களை ஒவ்வொன்றாக அளந்தார். கம்பெனிக்கு வரி வேண்டும், அதற்கு அளவு வேண்டும். எத்தனை வீடு, எவ்வளவு நஞ்சை, எவ்வளவு புஞ்சை, ஏரிக்கு எவ்வளவு என்று கணக்கெடுத்தார்கள். ஒவ்வொரு ஊரிலும் நிலத்தில் கணிசமான பங்கு தண்ணீருக்கென்று விடப்பட்டிருந்தது. அந்தப் பங்கைத்தான் நாம் இருநூறு வருடம் கழித்துக் கிரவுண்டு கிரவுண்டாக வாங்கினோம்.

இதை நான் பிறருக்குச் சொல்லும் புத்திமதியாக எழுதவில்லை. நான் மாட்டிக்கொண்ட கதையும் இதில் இருக்கிறது.

1991-ல் நானும் என் கணவரும் முடிச்சூர்ப் பக்கம் ஒரு கிரவுண்டு வாங்கினோம். எங்களுக்கு முந்தைய தலைமுறையில் வீட்டுக் கடன் என்பதே பெரும்பாலும் அரசு ஊழியருக்குக் கிடைக்கும் முன்பணம்தான். தனியாருக்கு வீட்டுக் கடன் கொடுப்பதற்கென்றே எச்.டி.எப்.சி. வந்தது 1977-ல். எங்கள் காலத்தில் கடன் கிடைத்தது, ஆனால் முறையான அனுமதி பெற்ற மனைக்குத்தான் கிடைக்கும். அனுமதி பெற்ற மனையின் விலை எங்களுக்கு எட்டாது. அப்போதுதான் தவணை முறை மனைகள் கொடிகட்டிப் பறந்தன. ஞாயிற்றுக்கிழமை வேன் வரும். இலவசப் பயணம், புளியோதரைப் பொட்டலம், ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பரிசு. வயலுக்கு நடுவில் வரிசையாகக் கல் நட்டு, சுண்ணாம்பு அடித்து, 'நகர்' என்று ஒரு பலகை வைத்திருப்பார்கள். எங்கள் மனை 36,000 ரூபாய். முன்பணம் 6,000, அதற்கு என் சங்கிலி போயிற்று. மாதம் 1,500 வீதம் 20 தவணை. அப்போது என் கைக்கு வந்த சம்பளம் 1,800 ரூபாய்தான். அவருடைய குமாஸ்தா சம்பளத்தில் சாப்பிட்டோம்.

"பஞ்சாயத்து அப்ரூவ்டு" என்றார்கள். தலைவர் கையெழுத்தும் முத்திரையும் போட்ட வரைபடத்தைக் காட்டினார்கள். 1971-ன் நகர் ஊரமைப்புச் சட்டத்துக்குப் பிறகு இப்படி ஒரு மனைப்பிரிவைப் போட நகரமைப்புத் துறையின் ஒப்புதல் வேண்டும், பஞ்சாயத்துத் தலைவரின் கையெழுத்து மட்டும் போதாது என்பது எங்களுக்குத் தெரியாது. பத்திரப் பதிவு நடந்தது, வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தது. பிறகென்ன என்று நினைத்தோம். வில்லங்கச் சான்று யார் யாருக்கு விற்றார், அடமானம் இருக்கிறதா என்பதைச் சொல்லும். அந்த இடத்தில் வாய்க்கால் ஓடியதா என்பதைச் சொல்லாது. அதைச் சொல்வது வருவாய்த் துறையின் அ-பதிவேடும் புலப்படமும். வீடு கட்டலாமா என்று சொல்வது இன்னொரு துறை. ஒரு நிலத்தைப் பற்றி மூன்று அலுவலகம் மூன்று விதமாக எழுதி வைத்திருக்கும். ஒன்று எழுதியதை மற்றொன்று பார்க்காது. வாங்குகிறவர்தான் மூன்றுக்கும் நடக்க வேண்டும்.

1994-ல் வீடு கட்டிக் குடிபோனோம். எங்கள் தெருவில் மூன்று வீடு. தாம்பரத்திலிருந்து மணிக்கொரு பஸ். மழை பெய்தால் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரை போய், அங்கே கடையில் கால் கழுவிக்கொண்டு பள்ளிக்குப் போவேன். உறவினர்கள் வரமாட்டார்கள். வந்தால், "ஊருக்கு எப்பம்மா திரும்பி வருவே?" என்பார்கள். தூரத்து மனை மலிவு என்று கணக்குப் போடும் ஆண்கள் ஒன்றைச் சேர்ப்பதில்லை. அந்தத் தூரத்தை நடப்பது வீட்டுப் பெண்கள். விடிகாலை நாலு மணிக்குக் கைபம்பு அடித்து, சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பி, ஆறரை பஸ்ஸைப் பிடித்தவள் நான். அந்த நேரத்துக்கு யாரும் சதுர அடி விலை போட்டதில்லை.

ஆனால் அந்தத் தெருவைத் தெருவாக்கியது நாங்கள்தான் என்ற பெருமையும் உண்டு. பத்து வீடு ஆனதும் நலச்சங்கம் வைத்தோம். மனு எழுதுவது என் வேலை. கையெழுத்து நன்றாக இருக்கிறதாம்! தெருவிளக்குக்கு மனு, குடிநீர்க் குழாய்க்கு மனு, பஸ்ஸுக்கு மனு. ஒவ்வொரு மின்கம்பத்துக்கும் ஒரு கதை உண்டு. பெரிய மனைப்பிரிவு என்றால் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விட வேண்டும் என்று விதி இருக்கிறது. எங்கள் வரைபடத்திலும் 'பூங்கா' என்று பச்சையாக ஒரு கட்டம் இருந்தது. மனை போட்டவர் சில வருடத்தில் அதையும் நான்காகப் பிரித்து விற்றுவிட்டார். வாங்கியவர்களும் எங்களைப் போலத் தவணை கட்டியவர்கள்தான். அவர்களிடம் போய் எப்படிச் சண்டை போடுவது? எங்கள் பிள்ளைகள் தெருவிலேயே விளையாடி வளர்ந்தார்கள்.

2015 டிசம்பர் 1. அன்று காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. நவம்பரிலேயே ஒரு முறை தண்ணீர் வந்து போயிருந்தது, அதனால் ஏரிகளில் இடமே இல்லை. அடையாறு என்றதும் பலருக்கு அந்தப் பெரிய ஆலமரமும் பங்களாக்களும் நினைவுக்கு வரும். அந்த ஆறு எங்கள் பக்கத்தில்தான் பிறக்கிறது. ஆதனூர் ஏரிப் பக்கம் தொடங்கி, மண்ணிவாக்கம், வரதராஜபுரம், முடிச்சூர் என்று வருகிறது. சாதாரண நாளில் அதை ஆறு என்று சொன்னால் குழந்தைகள் சிரிப்பார்கள். அன்றிரவு எங்கள் வீட்டுக் கூடத்தில் மார்பளவு நின்றது. மொட்டை மாடியில் இரண்டு இரவு. படகில் வந்து இறக்கினார்கள். பீரோ, புடவை, கட்டில் எல்லாம் போயிற்று. அதெல்லாம் போகட்டும். 1984-லிருந்து நான் எழுதி வைத்த பாடக் குறிப்பேடுகள் களிமண்ணாகக் கிடந்ததைப் பார்த்தபோதுதான் அழுதேன். வீட்டுப் பத்திரம் மட்டும் மாமியார் காலத்துத் தகரப் பெட்டியில், பரண் மேல், நனையாமல் இருந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு பக்கத்துப் பழைய கிராமத்துப் பெரியவர் ஒருவர் பார்க்க வந்தார். எண்பது வயதிருக்கும். எங்கள் மனைப்பிரிவு இருக்கும் வயல்களில் ஏர் ஓட்டியவர். வாசலில் உட்கார்ந்து தெருவைக் காட்டிச் சொன்னார்: "டீச்சரம்மா, தண்ணி உங்க வீட்டுக்கு வரலம்மா. அது போற வழிக்குத்தான் போச்சு. இந்தத் தெருவே கலங்க வாய்க்காதான். மேலேரி வழிஞ்சா இப்பிடித்தான் வரும். என்னா, இருபது முப்பது வருசமா பெரிசா வழியல. அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க."

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. இருபது வருடத்துக்கு மேல் குடிமராமத்தும் கலங்கலும் மதகும் பாடம் நடத்தியவள் நான். கரும்பலகையில் ஏரி படம் போட்டு, அம்புக்குறி போட்டு, "தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?" என்று கேள்வி கேட்டவள். என் தெரு எந்த அம்புக்குறி மேல் இருக்கிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை. நாங்கள் குடிபோன நாளிலேயே அந்தப் பெரியவர் அரை மைல் தூரத்தில்தான் இருந்தார். அவரிடம் மனை விலை கேட்டோம், பால் விலை கேட்டோம். தண்ணீரைக் கேட்கவில்லை.

ஏன் விற்றீர்கள் என்று அவரிடம் கேட்டேன். ஏரியைத் தூர் வாருவது நின்றுபோய் ஆயக்கட்டுக்குத் தண்ணீர் வரவில்லை. பிள்ளைகள் கம்பெனி வேலைக்குப் போனார்கள். மூன்று பக்கமும் மனையாகிவிட்ட பிறகு நடுவில் ஒருவர் மட்டும் நெல் போட முடியாது, வாய்க்கால் மறித்துவிடும். அவருக்கு ஏக்கருக்குக் கிடைத்த பணத்தைச் சொன்னார். நான் ஒரு கிரவுண்டுக்குக் கொடுத்ததோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அவரிடம் குத்தகைக்கும் கூலிக்கும் உழைத்த குடும்பங்களுக்கு அதுவும் இல்லை.

அடுத்த வருடமே இன்னொரு வெள்ளம், இது காகிதத்தில். 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அனுமதி பெறாத மனைகளைப் பதியக் கூடாது என்று தடை விதித்தது. ஏரியும் வயலும் இப்படி மனையாவதைத் தடுக்க வேண்டும் என்பதற்காகத் தொடர்ந்த வழக்கு அது. நியாயமான வழக்கு. ஆனால் மகள் கல்யாணத்துக்கு மனையை விற்க இருந்த எங்கள் எதிர்வீட்டுக்காரர் அன்று இடிந்துபோய் உட்கார்ந்தார். 2017-ல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளுக்குக் கட்டணம் கட்டி வரன்முறை செய்துகொள்ளலாம் என்றார்கள். நாங்களும் கட்டினோம். வேடிக்கை என்னவென்றால், வரன்முறைச் சான்று கையில் வந்த அடுத்த வருடம், 2019 கோடையில், எங்கள் ஆழ்துளைக் கிணற்றில் வெறும் காற்றுதான் வந்தது. நாலு வருடம் முன்பு மார்பளவு தண்ணீர் நின்ற வீட்டு வாசலில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றேன். ஏரி போனால் இரண்டும் சேர்ந்துதான் வரும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு என் மாணவன், "அப்போ வாங்க வேணாம்னு சொல்றீங்களா டீச்சர்?" என்றான். இல்லையடா. நான் அந்த வீட்டில்தான் இன்னும் இருக்கிறேன். வாசல்படியை உயர்த்தி, தரையை மேடாக்கி, பத்திரத்தைப் பரணிலேயே வைத்துக்கொண்டு இருக்கிறேன். அந்தச் சம்பளத்தில் வேறெங்கே வாங்கியிருப்போம்? பெயர் பெற்ற இடத்தில் வாடகை கொடுத்தே ஓய்வு பெற்றிருப்போம். பெரிய இடம் என்றால் பத்திரம் என்பதும் கிடையாது. 2015-ல் கோட்டூர்புரமும் மூழ்கியது, வேளச்சேரியும் மூழ்கியது. வேளச்சேரியில் ஏரி எவ்வளவு சுருங்கிவிட்டது என்று பாருங்கள். அங்கே யாரைப் போய்க் கேட்பது? வயல் உழுத ஆள் இருக்க மாட்டார். எல்லாம் கான்கிரீட்டுக்குள் போய்விட்டது. பெயர் தெரியாத சின்ன ஊரில் இன்னும் கரை தெரியும், மதகு தெரியும், ஆடு மேய்க்கும் பாட்டி ஒருத்தி இருப்பாள். அவளிடம் அரைமணி நேரம் பேசினால் வேறெங்கும் கிடைக்காத விவரம் கிடைக்கும்.

அந்தப் பக்கம் ஊர் வளருமா என்ற கேள்விக்கு வரலாறு ஓரளவு பதில் சொல்கிறது. வெளியூர்ப் பேருந்து நிலையம் பிராட்வேயில் இருந்தது, 2002-ல் கோயம்பேட்டுக்குப் போனது, 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கத்துக்கு வந்தது. 1985-ல் மிருகக்காட்சி சாலை வண்டலூருக்கு வந்தபோது அங்கே பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போனோம், கட்டுச்சோறு கட்டிக்கொண்டு! இன்று அதைத் தாண்டிப் போய்த்தான் ஊருக்கே பஸ் ஏறுகிறோம். சென்னைப் பெருநகரப் பகுதி பல்லாண்டுகளாக 1,189 சதுர கிலோமீட்டர்தான். தெற்கே வண்டலூர்ப் பக்கத்தோடு எல்லை முடிந்தது. 2022-ல் அதை 5,904 ஆக்கி அரசாணை வந்துவிட்டது. காகிதத்தில் பட்டணம் அவன் மனையைத் தாண்டிப் போய்விட்டது. ஆனால் எப்போது, எந்தத் தெருவுக்கு முதலில் என்று யாரும் சொல்ல முடியாது. மறைமலை நகர் அரசே திட்டமிட்டுப் போட்ட துணைநகரம். அங்கேயே சாலை போட்ட பிறகு ஆள் வரப் பல வருடம் ஆனது. விலை ஏறும் என்பதற்காக மட்டும் வாங்காதே, நாளைக்கே குடிபோக முடியுமா என்று உன் மனைவியைக் கேள், அவள் எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டியிருக்கும் என்று முதலில் கணக்குப் போடு என்றேன். அவன் கொஞ்சநேரம் பேசவில்லை.

பிறகு அவன் வாட்ஸ்அப்பில் மனைப்பிரிவின் வரைபடத்தை அனுப்பினான். நகரமைப்புத் துறை ஒப்புதல் எண் இருக்கிறது, பூங்காவும் இருக்கிறது. கிழக்கு மூலையில் ஒரு கோடு மட்டும் வளைந்து போகிறது. தரகரைக் கேட்டால் வண்டிப்பாதை என்கிறாராம். சர்வே எண்ணை வாங்கிக்கொண்டு புலப்படமும் அ-பதிவேட்டு நகலும் எடுத்து வா, வண்டி அப்படி வளைந்து போகாது, தண்ணீர்தான் போகும் என்று சொல்லியிருக்கிறேன். ஆறாம் வகுப்பில் ஏரி படம் போட்டு முழு மதிப்பெண் வாங்கியவன்தான், புரிந்துகொண்டான்.

தரகர் வருகிற ஞாயிற்றுக்கிழமை காரில் கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்கிறாராம், சாப்பாடும் உண்டாம். இப்போது நல்ல வெயில். ஐப்பசி பிறக்கட்டும், இரண்டு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் நாமே ரயிலில் போகலாம், நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். குடையும் பழைய செருப்பும் எடுத்து வைத்திருக்கிறேன்.